ட்ரிஸ்ட் ஒம்னிபஸ் ரெண்டும் எடுக்கலாமா? கட்டு, தபால், மாரி ஈரம்

கல்லடிக் காகிதம் (கேள்வி)

ஆர். ஏ. சல்வடோர் எழுதின, ட்ரிஸ்ட் எண்ட வீரனைப் பற்றின மாயக்கதை நாவல்களை வைச்சு வந்த காமிக்ஸை ஐடிடபிள்யூ பதிப்பகம் ரெண்டு ஒம்னிபஸாக, அதாவது பல இதழைச் சேர்த்துக் கட்டின தடிச்ச தொகுதியாகப் போட்டிருக்கு. ரெண்டும் மெல்லட்டை. வெளிநாட்டுப் பழைய புத்தகக்காரரிட்ட இருக்கு, ஆனா ஆளுக்கொரு விலை. சிலர் முதல் தொகுதியின் படத்தைப் போட்டு ரெண்டாவதை விக்கிறாங்க.

எந்தத் தொகுதிக்குள்ள எந்த நாவல் இருக்கு, எதை முதல் வாசிக்கிறது? 400 பக்கத்து ஒட்டுக் கட்டு நாலு தரம் விரிச்சா கழண்டு போகுமா? வீடு கடற்கரைக்குக் கிட்ட. மாரி தொடங்கினா சாதாரண புத்தகமே அலை அலையா நெளியுது, வழவழப்புத் தாள் என்னாகும்? தபால்ல எடுக்கிறதைப் பற்றியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க. கொழும்பில இருந்து வாங்கலாம் எண்டால் அதையும்.


வாவிக்கரை வாசகர்

ஒம்னிபஸ் எண்ட சொல்லைப் பார்த்து வாங்காதீங்க தங்கச்சி. ஒவ்வொரு பதிப்பகமும் அதைத் தன்பாட்டுக்குப் பாவிக்குது. மார்வெல் ஒம்னிபஸ் எண்டால் கெட்டி அட்டை, தையல் கட்டு, ஏறக்குறைய 7¼ × 11 அங்குலம், நல்ல தடிப்பு. டார்க் ஹோர்ஸ் அதே பெயரில முந்திப் போட்ட வரிசை 6 × 9 அங்குல மெல்லட்டை. சாதாரண காமிக்ஸ் இதழ் 6⅝ × 10¼. அப்ப 6 × 9 இல படத்தோட சேர்த்து எழுத்தும் சுருங்கும், பேச்சுக்குமிழியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டி வரும். விளம்பரத்தில அளவும் பக்க எண்ணிக்கையும் போடாட்டி கேட்டு எடுங்க.

உங்கட ட்ரிஸ்டுக்கு வாறன். முதல் தொகுதியில ஹோம்லாண்ட், எக்ஸைல், சோஜர்ன். ரெண்டாவதில கிரிஸ்டல் ஷார்ட், ஸ்ட்ரீம்ஸ் ஒஃப் சில்வர், ஹாஃப்லிங்ஸ் ஜெம். இந்தக் காமிக்ஸை 2005 இல தொடங்கினது டெவில்ஸ் டியூ பதிப்பகம். எழுத்துருவாக்கம் அண்ட்ரூ டாப், முதல் கதைகளுக்குப் படம் டிம் சீலி. ஒரு நாவலுக்கு 3 தடிச்ச இதழ். ஐடிடபிள்யூ பிறகு உரிமையை எடுத்து அதையேதான் சேர்த்துக் கட்டினது. ஆகவே பழைய டெவில்ஸ் டியூ தனித்தொகுதிகள் மலிவாக் கிடைச்சா அதுவும் அதே கதை, அதே படம்தான். ரெண்டையும் வாங்கிப்போட்டு ஏமாந்தது எண்டு நினைக்க வேணாம், முதலே பாருங்க.

வாசிக்கிற வரிசையில ஒரு சிக்கல் இருக்கு. நாவலாக முதல் வந்தது கிரிஸ்டல் ஷார்ட், 1988 இல. ட்ரிஸ்டின் பிறப்பைச் சொல்ற ஹோம்லாண்ட் 1990 இலதான் வந்தது. அதாவது வாசகருக்குப் பிடிச்சுப்போன ஒரு பாத்திரத்துக்கு ஆசிரியர் பிறகு இருந்து முன்கதை எழுதினார். காமிக்ஸ் கதைக் காலப்படி ஹோம்லாண்டில இருந்தே போகுது. முதல் தொகுதியில இருந்து வாசிக்கிறதுதான் என்ர கணிப்பில நல்லது. டுஉர்டன் வீடு (வீடு எண்டால் இங்க குலம்) டிவிர் வீட்டை அழிக்கிற அதே இரவில ட்ரிஸ்ட் பிறக்கிற அந்தத் தொடக்கத்தை விட்டுட்டு நடுவில இருந்து ஏறினா, ட்ரிஸ்ட் ஏன் நிலத்தடியில இருக்கிற சொந்தச் சனத்தை விட்டு மேல வந்தான் எண்டதன் கனம் பிடிபடாது. ஒண்டு மட்டும் சொல்லோணும்: ஒரு முழு நாவலை மூண்டு இதழுக்குள்ள அடைச்சிருக்கு. நாவலை வாசிக்காதவருக்கு, மென்ஸோபெரன்ஸான் நகரத்தில எந்த வீடு எந்த வீட்டோட பகை எண்டு பிடிக்கிறதுக்கு முதலே பக்கம் ஓடிரும்.

'நெவர்விண்டர் டேல்ஸ்', 'கட்டர்' எண்டு ட்ரிஸ்ட் பெயரோட வேற காமிக்ஸும் இருக்கு. அது நாவல் தழுவல் இல்லை, காமிக்ஸுக்கெண்டே எழுதின கதை. விக்கிறவர் மூண்டாவது தொகுதி எண்டு தள்ளப் பார்ப்பார்.

வாங்க முதல் நாலு படம் கேளுங்க: முதுகு, மேல் விளிம்பு, நடுப்பக்கம் விரிச்சபடி, பதிப்புரிமைப் பக்கம். பதிப்புரிமைப் பக்கத்தில இலக்க வரிசை ஒண்டு இருக்கும், அதில மிஞ்சியிருக்கிற சின்ன எண்தான் எத்தனையாவது அச்சு எண்டு சொல்லும். பின்னட்டை ஐஎஸ்பிஎன்னை விளம்பரத்தோட ஒப்பிடுங்க. ரெண்டு தொகுதிக்கும் அது வேற வேற, அட்டைப்படம் மாறிப் போடுற ஆக்கள் அதில பிடிபடுவாங்க. எண் பிழையா அடிச்சிருக்கோ எண்டும் வீட்டிலயே பார்க்கலாம்: 13 இலக்கத்தையும் இடமிருந்து வலமா 1, 3, 1, 3 எண்டு மாறி மாறிப் பெருக்கிக் கூட்டுங்க. விடை 10 ஆல மிச்சமில்லாமல் பிரியோணும்.

தபால். 400 பக்கம் எண்டால் 200 தாள். அந்த அளவுத் தாள் ஒண்டு 4½ கிராம் மட்டில வரும், அட்டையும் சேர்த்தா ஒரு தொகுதி 900 கிராமில இருந்து ஒரு கிலோ. வெளிநாட்டுச் சின்னப் பொதிக்குத் தபால் எல்லை 2 கிலோ. ரெண்டையும் கட்டி மட்டையும் வைச்சா அந்த எல்லையை முட்டும், தாண்டினா பார்சல் கட்டணம். ரெண்டு பொதியா அனுப்பிறதுக்கும் ஒரு பார்சலா அனுப்பிறதுக்கும் என்ன வித்தியாசம் எண்டு முதலே கேளுங்க. சுங்கம் பெறுமதி பார்க்கிறது புத்தக விலையில மட்டும் இல்லை, தபால் செலவையும் காப்புறுதியையும் கூட்டித்தான். விலைச்சீட்டை அச்சடிச்சு வைச்சிருங்க. அன்பளிப்பு எண்டு எழுதச் சொல்லி விக்கிறவரைக் கேக்கிறது வேலையைச் சுணக்கும், வேற பிரயோசனம் இல்லை.

தபால் செலவில்லாமல் அனுப்பின புக் டெபொசிட்டரி 2023 ஏப்ரலில மூடினதோட அந்தச் சுகம் போச்சு. கொழும்பில செப்டெம்பரில பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில நடக்கிற புத்தகக் கண்காட்சிக்குப் போனா ஆங்கிலக் காமிக்ஸ் கொஞ்சம் காணலாம், ஆனா அச்சில இல்லாத தொகுதியை அங்க தேடிப் போகாதீங்க.


மட்டையும் நூலும்

கல்முனையில இருந்து. கட்டைப் பற்றி மட்டும் சொல்றன்.

தையலா ஒட்டா எண்டு பார்க்க, புத்தகத்தை மூடி, முதுகின் மேல் நுனியைக் கண்ணுக்கு நேர பிடிங்க. தாள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளா, வளைஞ்சு வளைஞ்சு தெரிஞ்சா தையல். அந்தக் கட்டுகளில ஒண்டின் நடுவை விரிச்சா நூலும் தெரியும், பெரும்பாலும் 16 பக்கத்துக்கு ஒருக்கா. எல்லாத் தாளும் தனித்தனியா வெட்டி ஒரே மட்டமாப் பசையில நிண்டா ஒட்டு. மெல்லட்டை ஒம்னிபஸ் அனேகமா ஒட்டுத்தான். மடிப்புக் கட்டுகள் தெரிஞ்சும் நூல் இல்லாட்டி ஏமாறாதீங்க, மடிப்பை அரைச்சு ஒட்டினதாகவும் இருக்கலாம்.

ஒட்டுக் கட்டு கழர்றது அனேகமா முதல் நாள் வாசிப்பில. புதுசா வந்த புத்தகத்தை நடுவில விரிச்சு அமத்துவாங்க. பசை அந்த ஒரு கோட்டில வெடிக்கும், பிறகு அந்த இடத்துத் தாள் ஒவ்வொண்டா வரும். செய்ய வேண்டியது: முதுகை மேசையில நிமிர்த்தி வையுங்க. முன்னட்டையைச் சாய்ச்சு மேசையில விடுங்க, பிறகு பின்னட்டை. பிறகு முன்னால 15, 20 தாளைச் சாய்ச்சு மடிப்போரத்தை விரலால மெதுவா நீவுங்க, பின்னால அதே அளவு. இப்பிடி மாறி மாறி நடுவுக்கு வாங்க. 400 பக்கத்துக்குப் பத்து நிமிசம் போதும். வந்த அண்டே செய்யாதீங்க. ஏசிக் கொள்கலத்திலயோ குளிர்நாட்டுக் களஞ்சியத்திலயோ கிடந்த பசை விறைச்சிருக்கும், பொதியைத் திறந்து ரெண்டு மூண்டு நாள் அறைச் சூட்டுக்கு விடுங்க.

பழைய புத்தகம் எண்டால் பசைக்கும் வயசு. வெள்ளைக்கார நாட்டில ஹீட்டருக்குப் பக்கத்தில நிண்ட புத்தகத்தின் பசை மஞ்சளாகி, விரிக்கக்குள்ள கறகறவெண்டு சத்தம் கேக்கும். அதை நடுப்பக்கம் விரிச்ச படத்திலயே கண்டுபிடிக்கலாம்: மடிப்புக்குள்ள வெள்ளைக் கோடு தெரிஞ்சா பசை வெடிச்சிட்டு.

ஒரு தாள் கழண்டா செல்லோடேப் போடாதீங்க. வருசம் ரெண்டில பிசின் மஞ்சளா ஊறி, அடுத்த பக்கத்தையும் பிடிக்கும். வெள்ளை பைண்டர் கம் கொஞ்சம் எடுத்து, கழண்ட தாளின் உள்விளிம்பில 2 மில்லிமீற்றருக்கு மேல போகாமல் மெல்லிசாத் தடவுங்க. மற்றப் பகுதியில படாமல் இருக்க ஒரு கடதாசியை 2 மில்லிமீற்றர் விட்டு மேல வைச்சுத் தடவினா சரி. தாளை உள்ள தள்ளி, மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் மற்றத் தாளோட சமமா எண்டு பாருங்க. ரெண்டு பக்கமும் மெழுகுத் தாள் அல்லது லஞ்ச் ஷீட் வைச்சு மூடி, மேல ரெண்டு செங்கல் பாரம், ஒரு இரவு.

நாலஞ்சு தாளுக்கு மேல கழண்டால் முழுசா மறுகட்டுத்தான். இங்கதான் புத்தகம் பாழாகிற இடம். நம்மட பக்கத்துப் பைண்டர்மார் பள்ளிக்கூடப் பதிவேடும் கந்தோர்க் கோப்பும் கட்டிப் பழகின ஆக்கள். முதுகில இருந்து 8, 10 மில்லிமீற்றர் உள்ளுக்குத் துளை போட்டுப் பக்கத் தையல் போட்டுத் தருவாங்க. பதிவேட்டுக்கு அதுதான் பலம். காமிக்ஸுக்கு அது படத்தை விழுங்கும், ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைஞ்ச சண்டைக்காட்சியில நடுவில நிக்கிற ஆளின் முகமே மடிப்புக்குள்ள போகும். கொடுக்கக்குள்ள சொல்ல வேண்டியது மூண்டு. பக்கத் தையல் வேணாம். முதுகை இயந்திரத்தில வெட்டாமல் பழைய பசையைச் சுரண்டி எடுங்க, வெட்டித்தான் ஆகோணும் எண்டால் ஒரு மில்லிமீற்றருக்கு மேல வேணாம். விசிறி ஒட்டுப் போடுங்க.

விசிறி ஒட்டு எண்டால், தாள் கட்டைப் பலகை ரெண்டுக்கு நடுவில இறுக்கி, முதுகுப் பக்கத்தை இடப்பக்கம் விசிறி மாதிரிச் சாய்ச்சுப் பசை தடவிறது, பிறகு வலப்பக்கம் சாய்ச்சுத் தடவிறது. ஒவ்வொரு தாளின் ரெண்டு பக்கத்திலயும் அரை மில்லிமீற்றர் பசை ஏறும். பிறகு முதுகுக்கு மெல்லிய வலைத்துணி. வழவழப்புத் தாளில பசை ஏறக் கஷ்டம், அதனால முதுகு விளிம்பை 120 நம்பர் மண்கடதாசியால கொஞ்சம் உரசிப்போட்டுத் தடவோணும். இதைச் சொல்லாட்டி செய்யமாட்டாங்க.


கல்லடிக் காகிதம்

நன்றி அண்ணன். அப்ப ஒம்னிபஸ் இல்லாத தொடர்களை இதே மாதிரி நாமளே ஒண்டாக் கட்டலாமா? வீல் ஒஃப் டைம் காமிக்ஸ் ஆறு தொகுதி எண்டு கேள்விப்பட்டன்.


மட்டையும் நூலும்

இதழாக் கிடைச்சா ஓம். இதழ் நடுவில பின் போட்டது. பின்னைக் கழட்டினா மடிப்பு அப்பிடியே இருக்கும், அந்தப் பின் துளையிலயே நூல் விட்டு ஒவ்வொரு இதழையும் ஒரு கட்டாத் தைக்கலாம். நடு மடிப்பில ஒரு மில்லிமீற்றரும் போகாது. கடற்காத்தில பின் துருப்பிடிச்சுத் தாளில கறை விடும், அதனால கழட்டிறதே நல்லம். ஏற்கனவே தொகுதியா ஒட்டினதை உடைச்சுச் சேர்க்கிறது வேலைக்காகாது, ஒவ்வொரு தரமும் விளிம்பு குறையும்.


வாவிக்கரை வாசகர்

வீல் ஒஃப் டைம் எடுக்க முதல் ஒண்டு தெரிஞ்சிருக்கோணும். அந்த ஆறு தொகுதியும் முதல் நாவல் ஒண்டுக்கு மட்டும்தான், ஐ ஒஃப் த வேர்ல்ட். நாவல் வரிசையில பிரதான புத்தகம் 14. முன்கதையான நியூ ஸ்பிரிங் 8 இதழாத் தனியா வந்தது, 2005 இல தொடங்கி நடுவில நிண்டு, 2010 இலதான் முடிஞ்சது. கேம் ஒஃப் த்ரோன்ஸ் அப்பிடி இல்லை, முதல் நாவல் 24 இதழில முடிஞ்சு நாலு தொகுதியா இருக்கு, தொகுதிக்கு 6 இதழ். டார்க் டவர் வாங்கிறவங்களும் கவனம்: 2007 இல வந்த முதல் காமிக்ஸ் 7 இதழும் பெரும்பாலும் நாலாவது நாவலில இருந்து எடுத்தது, முதல் நாவலில இருந்து இல்லை. நாவல் வரிசைக்கும் தொகுதி எண்ணுக்கும் முடிச்சுப் போடாமல், இதழ் எண்ணைப் பார்த்து வாங்குங்க.

விலை ஏறி இறங்கிறதுக்கும் காரணம் இதுக்குள்ளதான் இருக்கு. நாவலின் உரிமை ஒருத்தரிட்ட, காமிக்ஸ் உரிமை இன்னொருத்தரிட்டக் குத்தகைக்கு. குத்தகை முடிஞ்சா கையில இருக்கிறதை வித்து முடிக்கிறதோட சரி, மறு அச்சு இல்லை. கோனன் நல்ல உதாரணம்: 1970 இல மார்வெல் தொடங்கினது, 2003 இல டார்க் ஹோர்ஸ், 2019 இல திரும்ப மார்வெல், 2023 இல இருந்து டைட்டன். ஒவ்வொரு கைமாற்றத்திலயும் முந்தின பதிப்பு விலையேறும், பிறகு புதுப் பதிப்பகம் அதே பழைய இதழ்களை மறுபடி ஒம்னிபஸாப் போட்டா இறங்கும். அதனால வாங்கிற அவசரம் அடக்கினா சில தரம் பாதி விலைக்கு வரும். ட்ரிஸ்டுக்கு அப்பிடி வருமெண்டு காத்திருக்கச் சொல்லமாட்டன்.


அக்கரை அலுமாரி

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கரைப்பற்றில இருந்து ஈரத்தைப் பற்றி.

65 வீதத்துக்கு மேல ஈரப்பதன் நிலைச்சு நிண்டா பூஞ்சணம் பிடிக்கும். மாரியில நம்மட கரையில எப்பவும் அதுக்கு மேலதான். முதல் வேலை, சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒண்டு வாங்கி அலுமாரிக்குள்ள வையுங்க. அது இல்லாமல் செய்றதெல்லாம் குருட்டு வேலை.

சப்பாத்துப் பெட்டியில வர்ற சிலிக்கா பொட்டலத்தை எடுத்து அலுமாரிக்குள்ள போட்டுட்டு நிம்மதியா இருக்கிற ஆக்கள் கன பேர். கணக்கைப் பாருங்க. பத்துக் கிலோ புத்தகம் மாரி ஈரத்தில இருந்து 55 வீதத்துக்கு இறங்க வேணுமெண்டால் தாளில இருந்து ஏறக்குறைய 200, 300 கிராம் தண்ணி வெளியேற வேணும். சிலிக்கா தன்ர நிறையில கால்வாசிதான் அந்த நிலையில பிடிக்கும். அப்ப ஒரு கிலோ மட்டில வேணும், அதுவும் காத்துப் போகாத பெட்டியில. திறந்த அலுமாரியில போட்டா வங்காள விரிகுடாவைத்தான் உலர்த்தோணும்.

வழி என்னெண்டால் புத்தகத்தைக் கச்சான் எண்ட வறண்ட காத்து வீசிற காலத்தில அடைக்கிறது. ஜூன் முடிவில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கச்சான் அடிக்கிற நாளில பகல் பதினொரு மணிக்குப் பிறகு ஈரமானி நல்லா இறங்கும். புத்தகத்தை வெயில் படாத இடத்தில, ஃபேன் காத்தில, விரிச்சு நிமிர்த்தி மூண்டு நாலு பகல் வையுங்க. பின்னேரம் ஈரம் திரும்ப ஏற முதல் எடுத்துப் பெட்டிக்குள்ள. அஞ்சாம் நாள் மத்தியானம் மூடி இறுக்கினா, மாரி முழுக்க சிலிக்காவுக்கு வேலை குறைவு, 50 லீற்றர் பெட்டிக்கு 300 கிராம் காணும். றப்பர் வளையம் வைச்ச மூடியா இருக்கோணும். மாரி நடுவில வந்த புத்தகத்தை அப்பிடியே பெட்டிக்குள்ள போட்டு மூடினா ஈரத்தைச் சிறை வைச்ச மாதிரி, அதைக் கச்சான் வரைக்கும் வெளியில, சுவரில இருந்து தள்ளி வையுங்க.

சிலிக்கா செம்மஞ்சள் நிறம் பச்சையானா நிறைஞ்சிட்டு. அவனில 120 பாகையில ரெண்டு மூண்டு மணித்தியாலம், அதுக்கு மேல சூடாக்கினா நிறம் காட்டிற சாயம் பழுதாகும். அவன் இல்லாட்டி பழைய தாச்சியில சின்ன நெருப்பில கிளறலாம், ஆனா அந்தத் தாச்சி பிறகு சமையலுக்கு வேணாம். நீலம் இளஞ்சிவப்பாகிற வகை வாங்காதீங்க, அதில கோபால்ட் இருக்கு.

அலுமாரியைப் பற்றி: சிப்போர்ட் வேணாம், ஈரத்தில ஊதிப் பாரத்தில வளையும். 18 மில்லிமீற்றர் பிளைவூட், இறாக்கை நீளம் 60 சென்ரிமீற்றருக்கு மேல போகாமல். மார்வெல் அளவு ஒம்னிபஸ் ஒண்டு ரெண்டரை, மூண்டு கிலோ. அந்த நீளத்தில 12 நிண்டா 30 கிலோவுக்கு மேல. வெளிச்சுவரில இருந்து அஞ்சு சென்ரிமீற்றர் இடைவெளி, வாடைக்காத்தோட மழை அடிக்கிற வடகிழக்குச் சுவரில சாத்தவே வேணாம். கீழ்த்தட்டு எவ்வளவு உயரம் எண்டதுக்கு 2011 ஜனவரி வெள்ளம் உங்கட வளவில எங்க மட்டும் ஏறினது எண்டு வீட்டில கேளுங்க.

கெட்டி அட்டை ஒம்னிபஸ் நிக்கிறபோது தாள் கட்டு அட்டையை விடக் கொஞ்சம் உயரத்தில தொங்குது. அந்தப் பாரம் முழுக்க முதுகைக் கீழ இழுக்கும், வருசக் கணக்கில முன்னட்டை உள்மடிப்பு கிழியும். அந்த இடைவெளிக்கு, 3 மில்லிமீற்றர் மட்டில வரும், அளவா வெட்டின மட்டையைத் தாளுக்குக் கீழ வைச்சுவிடுங்க. உங்கட மெல்லட்டை ரெண்டுக்கும் அது தேவையில்லை, ஆனா சாய்ஞ்சு நிக்க விடாதீங்க.

பூச்சி உருண்டை போடுறவங்க பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள போட வேணாம், சில பிளாஸ்டிக்கை அது இளக்கி ஒட்டவைக்கும். பழைய புத்தகத்தோட பூச்சி வந்த சந்தேகம் எண்டால் பொலித்தீனில இறுக்கிச் சுத்தி ஃப்ரீசரில ரெண்டு கிழமை. எடுத்த உடன பொலித்தீனைத் திறக்காதீங்க, குளிர்ந்த தாளில தண்ணி பூக்கும். ஒரு நாள் வெளியில வைச்சுத் திறங்க.


கல்லடிக் காகிதம்

காக்கா, கடைசியா ஒண்டு. கூரை ஒழுகி வழவழப்புத் தாள் நனைஞ்சா காய வைச்சு எடுக்கலாமா?


அக்கரை அலுமாரி

சும்மா காய வைச்சால் போச்சு. அந்தத் தாளின் மேல பூசியிருக்கிற களிப்பூச்சு ஈரத்தில பசையாகும், காய்ஞ்சா பக்கங்கள் ஒரே பலகை. பிறகு பிரிச்சால் படம் உரிஞ்சு மற்றப் பக்கத்தில ஒட்டிக்கொண்டு வரும். ட்ரிஸ்டில நிலத்தடி உலகக் காட்சி எல்லாம் பக்கம் முழுக்கக் கறுப்பும் ஊதாவும். உரிஞ்சா வெள்ளைத் திட்டு அப்பிடியே தெரியும்.

ஈரம் இருக்கக்குள்ளயே ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில மெழுகுத் தாள் வையுங்க. அண்டைக்கே நேரமில்லாட்டி பொலித்தீனில சுத்தி ஃப்ரீசருக்குள்ள போடுங்க, அதுக்குள்ள எத்தனை நாள் கிடந்தாலும் ஒட்டாது. பிறகு எடுத்து, இளகிற நேரம் ஒரு தரத்துக்கு முப்பது நாப்பது பக்கமாப் பிரிச்சு, ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில மெழுகுத் தாள் வைச்சு, ஃபேனுக்குக் கீழ. மெழுகுத் தாளை ஒரு நாளைக்கு ரெண்டு தரம் துடைச்சு மாத்தோணும். முக்கால் பதம் காய்ஞ்ச பிறகுதான் பாரம் வைக்கிறது, முதலே வைச்சா திரும்ப ஒட்டும்.